சுவிட்ச்சுக்கு எண்ணெய் விட்ட கதை

கற்பிட்டி முதல் சிலாபம் வரை மின்சாரமே பயந்து நடந்த ஒரே மனிதர் எங்கள் ஊர் எலெக்ட்ரீஷியன் டெஸ்டர் நானாதான்; நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். சட்டைப் பையில் பேனை இருக்கவேண்டிய இடத்தில், கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் இருக்கும். மகளின் கலியாணக் கார்டில் பட்டப்பெயரை விட்டுச் சொந்தப் பெயரை அச்சடித்துவிட்டார். பாதி ஊர், "இது ஆருட வீட்டுக் கலியாணம்?" என்று விசாரித்தது.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு ஸலாம். அடுத்த அடி மெயின் சுவிட்ச்சுக்கு. யாரையும் கேட்கமாட்டார். ஒருமுறை கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவரில், இருபது பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த வீட்டை அப்படியே அணைத்துவிட்டார். அத்தனை பேரும் கத்த, "மெட்ச் நாளைக்கும் வரும். நான் வருவனா?" என்றபடி பல்பை மாட்டினார்.

நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் மின்நிலையம் இருக்கும் நுரைச்சோலையில்தான் எங்கள் வீடும். ஆனால் எங்கள் கோப்பி அரைக்கும் மெஷினின் சுவிட்ச், பத்துத் தரம் தட்டினால் ஒரு தரம் பிடிக்கும். என் மனைவி கோப்பிக்கொட்டையை வறுத்து, இஞ்சியும் கொத்தமல்லியும் சேர்த்து அரைத்து விற்பவள். குறிஞ்சிப்பிட்டிக் கலியாண வீடு ஒன்றுக்கு ஐந்து கிலோ தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். முதல் பெரிய ஓடர். வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் ஆள் வரும்.

அன்று காலையில்தான் நான் உதவிக்கு இறங்கினேன். அலுமாரி நிறையப் புத்தகம் வாசித்தவனுக்கு ஒரு சுவிட்ச் பெரிதா? போதாததற்குத் தென்னை நாட்டில் பிறந்தவன். தலைமுடிக்கும் கதவுக் கீலுக்கும் சைக்கிள் செயினுக்கும் எங்களுக்கு ஒரே மருந்துதான். சுவிட்ச்சின் இடுக்கில் தேங்காயெண்ணெயைத் தாராளமாக விட்டேன். அதன்பின் அது நூறு தரம் தட்டியும் பிடிக்கவில்லை.

"இனி அவங்க சிலாபத்துல பாக்கெட் கோப்பி வாங்குவாங்க. நான் குடுத்த வாக்கு என்னாகிற?" என்று மனைவி கண்ணைத் துடைத்தாள். நான் டெஸ்டர் நானாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

வந்தார். ஸலாம். மெயின் சுவிட்ச். மெஷினைக் கவிழ்த்துச் சுவிட்ச்சைப் பிரித்தார். உள்ளே கோப்பித்தூளும் எண்ணெயும் குழைந்து கறுப்புக் களியாகிக் கிடந்தது. கடற்காற்றில் செப்புத் தகடு பச்சை பூத்திருந்தது. நானா மோந்து பார்த்தார்.

"தங்கச்சி, சுவிட்ச்சத் தாளிச்சது ஆரு?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"கடுகும் கொஞ்சம் போட்டிருக்கலாம், தம்பி."

"திருத்த ஏலாதா நானா?"

"மௌத்தானதுக்கு என்னத்தத் திருத்திற? புதுசுதான் போடணும். இன்டைக்கு ஜும்ஆ, கடையெல்லாம் பூட்டு." மனைவியின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "கால் மணித்தியாலம் பொறுங்க. என்னட்ட ஒன்டு கிடக்கு."

திரும்பி வந்தபோது கையில் சுவரில் பூட்டும் வெள்ளைச் சுவிட்ச் ஒன்று. அதை மெஷினின் விலாவில் ஆணி முறுக்கிப் பொருத்தினார். மனைவி பிஸ்மில்லாஹ் சொல்லித் தட்டினாள். மெஷின் உறுமியது.

"எண்ணெய்ப் போத்தல மட்டும் தம்பிட கைக்கு எட்டாம வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து கிலோவும் நேரத்துக்குப் போயிற்று. அந்தியில், மஃரிப் தொழுகைக்கு முன் ஒரு போத்தல் கோப்பித்தூளோடு நானாவின் வீட்டுக்குப் போனேன். உள்ளே கதிரையில் வியர்த்து வழிய உட்கார்ந்து, கிழிந்த கார்ட்போர்ட் மட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். சுவரில் சுவிட்ச் இருந்த இடத்தில் இரண்டு வயர், நுனியில் டேப்.

"நானா, ஃபேனுக்கு என்ன?"

"அதுட சுவிட்ச் உங்கட வீட்டுல கோப்பி அரைக்குதே" என்றார், மட்டையை நிறுத்தாமல்.

மறுநாளே ஒரு புதுச் சுவிட்ச் வாங்கிக் கொடுத்தேன். ஒரு கிழமைக்குள் அது யார் வீட்டுத் தண்ணி மோட்டரிலோ ஏறிவிட்டதாம். இப்போதெல்லாம் சிலாபத்துக்குப் போனால் இரண்டு சுவிட்ச் வாங்கி வருகிறேன். ஒன்று ஊருக்கு, மற்றது நானாவின் ஃபேனுக்கு.