எந்த வகைப் பயம்

"ஏட்டி வடிவு, பாம்பைப் பாத்த மாதிரி இருக்கா, பரீட்சைக்கு முந்தின நாள் மாதிரி இருக்கா?"

"தெரியலப்பா."

ஆடிக்குப் பிறந்த வீடு வந்திருந்த முத்துவடிவுக்குக் கை நடுங்கி, பிசைந்த சோறு இலையிலேயே விழுந்தது. ஆவணி பிறந்தால் வடகரைக்கு, புருஷன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

"தெரியலைன்னா எப்படி? பாம்புன்னா இங்கிலீஷ்ல ஃபியர். பரீட்சைன்னா டிரெட். கூரையில தீப்பிடிச்சா அலாரம். ஊரே விழுந்தடிச்சு ஓடுனா பேனிக். நாமதான் எல்லாத்தையும் பயம்னு ஒரே சட்டியில போட்டுக் கிண்டுதோம்."

"பிள்ளைக்குச் சோறு இறங்கல. நீங்க பாடம் நடத்துதிய," என்றாள் தாய் சொக்கம்மாள்.

தென்காசிப் பள்ளிக்கூடத்தின் ஆங்கில வாத்தியார் தில்லைநாயகம் வீட்டிலும் வாத்தியார்தான். சொந்த ஊர் மேலகரத்துக்கும் அவர்தான் நியாயம் சொல்வார். ஆடி பிறந்த கையோடு, புருஷனோடு கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட அடுத்த தெருப் பெண்ணை, அழ அழ வண்டியேற்றி அனுப்பிவைத்தவர் அவரே. "அடிச்சாலும் பிடிச்சாலும் அவ இடம் அதுதான்" என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். மகள்தான் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மகள் மேல் அவருக்கு உயிர். அதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

முதலில் அம்மன் கோவிலில் மந்திரித்த கயிறு வாங்கி வந்தார். கட்டுவதற்காகக் கையைத் தொட்டதும் அவள் வெடுக்கென்று பின்வாங்கி, சுவரில் இடித்துக்கொண்டாள்.

"பாத்தியா! இது ஃபிரைட். திடீர்னு வாரது," என்றார். மகளின் பின்மண்டையும் வீங்கியது.

அடுத்தது குற்றாலம். சித்தம் கலங்கியவர்களையே தெளிய வைக்கிற அருவிக்கு இந்த நடுக்கம் எம்மாத்திரம்? எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றால் எல்லாம் இறங்கிவிடும் என்று தாயோடு பெண்கள் பக்கம் அனுப்பினார். முதுகில் எண்ணெய் வைக்க அவள் தாயைக்கூட விடவில்லை. உடுத்த சேலையோடு ஓடிப்போய்த் தண்ணீரில் நின்றாள். இப்போது நடுக்கத்தோடு காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

"எண்ணெய்க்குப் பயப்படுததுக்கு இங்கிலீஷ்லயே வார்த்தை இல்லையே!" என்று வாத்தியார் தலையைச் சொறிந்தார்.

சாரலுக்காகக் குற்றாலத்தில் வந்து தங்கியிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் மகளை அழைத்துப் போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஆங்கிலம் அங்கே போனதும் வழுக்கியது. டிரெட் என்றார். எதை நினைத்து என்று அந்த அம்மாள் கேட்டாள். டெரர் என்று மாற்றினார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, யாரால் என்று கேட்டாள். பதறிப்போய் அலாரம் என்று இறங்கி வந்தார். போதும் என்று கையைக் காட்டி, அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள். மொழிபெயர்க்க ஆயா பாத்திமுத்து உள்ளே இருந்தாள்.

வராந்தாவில் சாரல் அடித்தது. உள்ளே மகளின் குரல் நிற்காமல் கேட்டது. இவ்வளவு பேசுவாளா என்று அவருக்கு ஆச்சரியம். பேச்சு அழுகையாக மாறியபோது அவர் எழுந்து கதவருகே போய் நின்றார். எந்தச் சொல்லும் நினைவுக்கு வரவில்லை.

பாத்திமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"என்ன பயமாம் ஆயா? டாக்டரம்மா என்ன வார்த்தை சொன்னாவ?"

"வார்த்தை ஒண்ணும் சொல்லலய்யா. பிள்ள முதுகெல்லாம் தடிப்பும் தழும்புமா இருக்கு. மாப்பிள்ள தோல் வார்ல அடிக்காராம்."

"பாவிப்பய! அவனுக்குப் பயந்தா என் பிள்ள இப்படி நடுங்குதா?"

"அவருக்குப் பயந்து இல்லய்யா. 'எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா இன்னைக்கே வண்டியேத்தி அனுப்பிருவாவ'ன்னுதான் நடுங்குதா."