‘சொல்லாதே’ அண்ணனும் மாடலுக்கு அடங்காத அணுக்கருவும்

புனே நகரத்திலேயே, விடை தெரிந்துவிடுமோ என்று பயந்து ஓடிய ஒரே மனிதர் ‘சொல்லாதே’ அண்ணன்தான். மற்றவர்களெல்லாம் பரீட்சைக்கு முன்னால் விடை கிடைக்காதா என்று அலைவார்கள். நானும் அலைந்தவன்தான். கிடைக்காததால்தான் பத்தாவதோடு மதுரையை விட்டு வந்து புனே பக்கம் ஆகுர்டியில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் புனேயின் கோர்படியில் அண்ணனும் நானும் ஒரே அறையில் இருந்தோம். கோயம்புத்தூர்க்காரரான அவர் பௌதிகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். எப்போது தொடங்கினார் என்பது அவருக்கே மறந்திருந்தது.

“அப்படி என்னத்தண்ணே அளக்குறீங்க?”

“அணுக்கருவத் தட்டிவிட்டா, காமாக் கதிர விட்டுட்டு அடங்கும் தம்பி. எத்தன சீக்கிரம் அடங்குதோ, அந்த மாற்றத்துக்கு அத்தன வலு. அது இத்தனதான் இருக்கோணும்னு எங்க சாரு ஒரு மாடல் போட்டு வெச்சிருக்காரு. சரியான்னு அளந்து பாக்கோணும்.”

“சாரு எத்தனன்னு போட்டிருக்காரு?”

“தெரியாது. அளந்து முடிக்கற வரைக்கும் தெரிஞ்சுக்கவும் மாட்டேன். தெரிஞ்சா என் கண்ணு அந்த நம்பரயேதான் தேடும்.”

எனக்கு இது போதாதா? அவர் குளிக்கும்போது கதவைத் தட்டி, “அண்ணே, சாரு நம்பர் முப்பதாமே!” என்பேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. “சொல்லாதே!” என்று உள்ளேயிருந்து அலறல் வரும், கூடவே வாளி உருளும் சத்தமும். லோக்கல் ரயிலில் இரண்டு பேர் மராட்டியில் வெங்காய விலை பேசினார்கள், ஏதாவது எண் காதில் விழுந்துவிடும் என்பதற்காக, சிஞ்ச்வட் போக வேண்டியவர் பாதி வழியில் இறங்கி நடந்தே போனார். ஊரிலிருந்து அம்மா ஃபோனில் பெண்ணுக்கு என்ன வயது என்று ஆரம்பித்தாலே ரிசீவரைத் தூரத்தில் பிடிப்பார். கல்யாணம் அப்படித்தான் தள்ளிப்போனது.

கருவைத் தட்டுகிற ஆக்சிலரேட்டர் டில்லியில் இருந்தது. தவமிருந்து முறை கிடைத்து, போய் அளந்து வந்து, மாதக்கணக்கில் கணக்குப் போட்டு எண்ணை முடிவு செய்தார். பிறகுதான் சாரிடம் மாடலின் எண்ணைக் கேட்டார். அண்ணனுடையதில் சரிபாதி!

சார் மராட்டியர். “ஃபிர் ஸே நாப்போ” என்று ஹிந்தியில் முடித்துவிட்டார். மறுபடி அளக்க வேண்டுமாம்.

அடுத்த முறை கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அண்ணன் இளைத்த இளைப்பில், கொடியில் தொங்கிய அவர் சட்டையைப் பார்த்து, “சாப்ட்டீங்களாண்ணே?” என்று நான் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் தடவையும் அதே எண்தான் வந்தது. இந்த எண்ணோடு வந்தால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் சார். அன்று மத்தியானம் அண்ணன் அறைக்கு வந்து, ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

“என்னண்ணே, கரு கால வாரிருச்சா?”

 திட்டுவார் என்று பார்த்தேன். ஷூ நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். 

“கொஞ்சம் கொறச்சு எழுதிப்புடுங்கண்ணே. அணுக்கரு வந்து கேஸா போடப்போகுது?”

“போடாது தம்பி. அதுக்காகப் பேச வேற ஆளும் இல்ல.”

“எங்க பட்டறைல டிராயிங்குக்கு ஒத்துவரலேன்னா பொருளத் தூக்கிக் கடாசிருவோம்.”

“இங்க டிராயிங்கத்தான் கடாசோணும். ஆனா டிராயிங் போட்டவருதான கையெழுத்தும் போடோணும்?”

சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியதே தவிர, சிரிப்பு வரவில்லை. படித்த மனுஷன் ஒருவர் அப்படிக் குலுங்கி அழுது அன்றுதான் பார்த்தேன்.

அண்ணன் எண்ணை மாற்றவில்லை. பட்டத்தை விட்டுவிட்டு ஊருக்கு ரயில் ஏறினார். ஜன்னலோரம் நின்று கிண்டலாக எதையாவது சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தேன்.  அதற்குள் வண்டி போய்விட்டது.

அணுக்கருவை நான் கண்டதில்லை. எதிரே வந்தால் அடையாளமும் தெரியாது. ஆனாலும் அதன் வலு எவ்வளவு என்று யாராவது என்னைக் கேட்டால், அண்ணன் அளந்ததைத்தான் சொல்வேன்.