வெளியே போகாப் படலம்

வாழ்க, வட்டக் கண்ணாடி அணிந்த வல்லோன்! வாழ்க, பதினொரு தோல்வியையும் ஓர் அடித்தல் திருத்தல் இன்றிப் பதிவேட்டில் பொறித்த பேனா வேந்தன்! கடைத்தெருக் கோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி, ஊரார் பார்வையையெல்லாம் துலக்கிவிட்டு, தன் காலடிப் பள்ளத்தை மட்டும் விழுந்த பிறகே காணும் தனிப்பெருந்தகை. ஒன்பதாண்டாய்க் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் என்னும் முள்முடியைச் சுமந்து, அரிக்கிற இடத்தில் சொறிந்துகொள்ளவும் கூச்சப்பட்டு, அதையே அணிகலன் என்று சொல்லித் திரியும் அண்ணல். அவ்வண்ணல் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில், ஒரு மர நாற்காலியின் மேல், எழுந்திராமல் ஆற்றிய பெரும்போரைப் பாடப் புகுந்தோம். நாற்காலியே, எமக்குச் சொல் தருக!

முதலில் போரின் காரணம்.

அக்கழகம் அந்தப் பருவத்தில் ஆடிய ஆட்டம் பதினொன்று. தோற்ற ஆட்டமும் பதினொன்று. வாங்கிய கோல் நாற்பத்து மூன்று. போட்ட கோல் இரண்டு. அவற்றிலும் ஒன்று, எதிரணித் தடுப்பாட்டக்காரன் தும்மிய வேகத்தில் அவன் முழங்காலில் பட்டு அவன் வலைக்குள்ளேயே புகுந்தது. பதினோராம் போரின் இடைவேளையில் மேனேஜர் விசிலைக் கழற்றிப் பெஞ்சின் மேல் வைத்தார். "இதோ வந்துடறேன்" என்றார். மைதானத்துக்கு வெளியே வந்து நின்ற பஸ்ஸில் ஏறினார். பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்றுகூட அவர் கேட்கவில்லை என்று கண்டவர் சொல்வர்.

மற்றக் கழகங்கள் மேனேஜர் வேண்டுமென்றால் விளம்பரம் கொடுக்கும், நேர்காணல் வைக்கும். இக்கழகத்துக்கோ தொன்றுதொட்டு ஒரு மரபு உண்டு. கூட்டம் நடக்கையில் எவர் அறைக்கு வெளியே போகிறாரோ, பதவி அவர் தலையில். மறுத்துப் பேச ஆள் இல்லையே, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும்! துணைத்தலைவர் கைகழுவப் போனபோது துணைத்தலைவர் ஆனவர். தலைவர் குடையை மறந்துவிட்டு எடுக்கப் போனபோது தலைவர் ஆனவர். நம் நாயகனோ, போன் மணி கேட்டு வாசலைத் தாண்டி, "தப்பான நம்பருங்க" என்று சொல்லித் திரும்புவதற்குள் செயலாளர் ஆனவன்.

ஆன அன்றே அவன் ஒரு காரியம் செய்தான். மாட்டிக்கொண்ட பதவிக்கு ஒரு மிடுக்காவது வேண்டாமா? விதிப்புத்தகத்தில் முத்து முத்தாக ஒரு விதியை எழுதிச் சேர்த்தான். 'விதி 14: எந்த நியமனமும், செயலாளர் தம் கையால் நோட்டீஸ் பலகையில் ஒட்டும் நொடியில்தான் செல்லும்.' எழுதி முடித்து, தள்ளி வைத்துப் பார்த்து, தானே தலையாட்டிக்கொண்டான்.

இப்போது பணயம். நாயகனின் இல்லத்தரசி கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆள் உட்காராமல் அவள் சாவியைத் திருப்பக்கூடாது என்பது சட்டம்; ஞாயிறு காலை ஆறரைக்கு அந்த ஆள் நம் நாயகன் என்பது வீட்டுச் சட்டம். போன தேர்வில் ரிவர்ஸ் எடுக்கையில் மூன்று கம்பத்தைச் சாய்த்தாள். அதற்கு முந்தைய நாலு ஞாயிறும் கழக வேலை என்று நாயகன் ஓடிப்போனதே காரணம் என்று தீர்ப்பும் எழுதினாள். அடுத்த தேர்வுக்கு இன்னும் மூன்று ஞாயிறுதான். ஆட்டங்களும் ஞாயிறு காலையில்தான். செயலாளர் என்றால் தோல்வியைப் போனிலே கேட்டு எழுதிவிடலாம். மேனேஜர் நேரில் போய்த்தான் தோற்க வேண்டும்.

"இந்த வாட்டியும் ஏதாவது பதவிய வாங்கிட்டு வந்தீங்கன்னா பாருங்க," என்று வாசலிலேயே வழிமறித்து அவள் முழங்கினாள். "விசிலை ஊதிக்கிட்டு அங்கேயே படுத்துக்குங்க."

"சத்தியமா நான் நாற்காலிய விட்டே எந்திரிக்க மாட்டேன்" என்று நாயகன் சூளுரைத்தான். காலையிலிருந்து அவன் ஒரு மடக்குத் தண்ணீரும் பருகவில்லை.

களம் காண்மின்! மூன்று மணி. பந்துகளும் கிழிந்த வலையும் அடைத்த ஓர் அறை. மேசை நடுவே, ஓடிப்போன மேனேஜர் விட்டுச் சென்ற விசில். வெளியே நீண்ட நடை. அதன் இடக்கோடியில் நோட்டீஸ் பலகை, வலக்கோடியில் கழிப்பறை, இரண்டுக்கும் நடுவே, வாசலுக்கு நேர் எதிரே, சரியாக மூடாத குழாய் ஒன்று. அது 'சொட்' என்றது. சற்றுப் பொறுத்து மறுபடி 'சொட்' என்றது. முற்றுகைக்கு வந்த படைகளுக்கு அதைவிடக் கொடிய முரசு வேறில்லை.

மேசையின் தலைமாட்டில் தலைவர்: பஸ் டிப்போவில் முப்பதாண்டு மேற்பார்வை பார்த்து ஓய்ந்தவர், அனுபவசாலி, தலையணையோடு வந்திருந்தார். எதிரே துணைத்தலைவராகிய பல் டாக்டர்: பிறர் வாயைத் திறக்க வைப்பதில் நிகரற்றவர், நாயகனுக்கு நேர் பகைவர். ஓரத்தில் நாயகனின் மச்சினன்: மனைவியின் உடன்பிறந்தவன், அணியின் கோல்கீப்பர், அந்த நாற்பத்து மூன்றுக்கும் நேர்சாட்சி. ஆடுபவன் மேனேஜர் ஆகலாகாது என்பதால் அவனுக்கு மட்டும் உயிர்ப்பயம் இல்லை. எனவே பிளாஸ்க் நிறையத் தேநீரோடு வந்திருந்தான், படுபாவி.

"அத்தான், ஒரு கப்?"

"வேணாம்டா."

"சூடா இருக்கு."

"அதனாலதான் வேணாங்கறேன்."

பல் டாக்டர் ஏளனமாய்ச் சிரித்து, பகைவர் காண, ஒரு கோப்பையை ஒரே மூச்சில் குடித்தார். வீரம் தலைக்கேறி இரண்டாவதும் குடித்தார். மூன்றாவதை நாயகனின் கண்ணைப் பார்த்துக்கொண்டே குடித்தார். அந்தோ, ஆணவம் ஆற்றலை முந்தியதே!

பிறகு அம்புமழை. "செயலாளர் சார், வெளிய உங்க வண்டி லைட் எரியுது போல" என்று டாக்டர் ஓர் அம்பு தொடுத்தார். "எரியட்டும் டாக்டர், பேட்டரி என்னுதுதானே" என்று நாயகன் அதைப் பாதி வழியில் முறித்தான். "உங்க கிளினிக்ல யாரோ வாயத் திறந்து வச்சுட்டுக் காத்திருக்காங்களாம்" என்று அவன் எய்த பதிலம்பை, "திறந்தே இருக்கட்டும், காத்து படணும்" என்று டாக்டர் மார்பில் ஏந்தினார். தலைவர் இருபுறமும் சாயாது நடுநிலைமையோடு குறட்டை விட்டார்.

நாலரைக்கு நாயகனின் போன் மணி அடித்தது. ஒன்பதாண்டுக்கு முன் அவனைக் கவிழ்த்த அதே ஓசை! அறைக்குள் சிக்னல் கிடைக்காது. வாசலுக்குப் போனால்தான் கிடைக்கும். டாக்டரின் கண்கள் ஒளிர்ந்தன. நம் வீரனோ நாற்காலியோடு சேர்ந்தே தத்தித் தத்தி ஜன்னலோரம் நகர்ந்து, கம்பிக்கு நடுவே கையை நீட்டி, ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினான்.

"எங்க இருக்கீங்க?" என்றது இல்லத்தின் குரல்.

"உள்ளதான்."

"எந்திரிச்சீங்களா?"

"இல்ல."

"எந்திரிக்காதீங்க."

தளபதியின் ஆணை கேட்ட படைபோல் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஐந்தரை. குழாய் 'சொட்' என்றது. டாக்டர் காலை மாற்றிப் போட்டார். 'சொட்.' மறுபடி மாற்றினார். நெற்றியில் வியர்வை முத்து அரும்பிற்று. பிறர் கடைவாய்ப் பல்லைக் கண்ணிமைக்காமல் பிடுங்கும் அந்த இரும்புக்கை மேசை விளிம்பைப் பற்றியது. ஐந்து நாற்பதுக்கு, மலை பெயர்ந்தாற்போல, கடல் கரை கடந்தாற்போல, அவர் எழுந்தார்.

"ரெண்டே நிமிஷம்! யாரும் எதையும் எழுதக் கூடாது!" என்று முழங்கியபடியே ஓடினார்.

எழுதினான். எழுதினான்! 'நம் கழகத்தின் புதிய மேனேஜராகத் துணைத்தலைவர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்று, தலைப்பும் கீழ்க்கோடும் முற்றுப்புள்ளியுமாய் எழுதினான். தலைவரை உலுக்கினான், அவர் கண் திறவாமலே "சரி, சரி" என்று கையெழுத்திட்டார். தாளை ஒரு கையிலும் பசைப் புட்டியை மறு கையிலும் ஏந்தி, ஒன்பதாண்டுப் பழி தீர்த்த பெருமிதம் பொங்க, நாயகன் நாற்காலியை விட்டு எழுந்தான். மச்சினன் எதையோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, வேடிக்கை பார்ப்பதே மேல் என்று மூடிக்கொண்டான்.

பலகையின் முன் நின்று நாயகன் பசை தடவினான். ஒட்டினான். இடது மூலை தூக்கிற்று, அமுக்கினான். ஒட்டிய நேரத்தையும் கீழே எழுதினான், ஐந்து நாற்பத்தைந்து. தள்ளி நின்று கையெழுத்தின் அழகைச் சற்று ரசித்தான். அவன் முதுகுக்குப் பின்னே ஒரு கழிப்பறைக் கதவு திறந்து மூடியதும், செருப்புச் சத்தம் ஒன்று அறைக்குள் விரைந்ததும் வெற்றிமுரசுக்கிடையே அவன் செவியில் ஏறவில்லை.

திரும்பி வந்தான். உள்ளே மூவர் அமர்ந்திருந்தனர். மூவருக்கும் நடுவே விதிப்புத்தகம் விரிந்து கிடந்தது.

"செயலாளர் சார்," என்றார் டாக்டர், பஞ்சு வைத்த வாயனிடம் பேசும் பரிவோடு, "எத்தனை மணிக்கு ஒட்டினீங்க?"

"அஞ்சு நாப்பத்தஞ்சு. எழுதியே இருக்கேன்."

"நான் அதுக்கு முன்னாடியே உள்ள வந்துட்டேன். ஐயா சாட்சி."

"ஆமா, ஃபேனைப் போடச் சொன்னாரு" என்றார் தலைவர்.

"விதி பதினாலு. ஒட்டுற நொடியிலதான் செல்லும்," என்று மச்சினன் விரல் வைத்துப் படித்தான். "அந்த நொடியில வெளிய நின்னது யாரு அத்தான்?"

இடி விழுந்தால்கூடச் சற்று நகர்ந்து கொள்ளலாம். இது அவன் கையெழுத்து. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன், அந்தச் சூனியத்தின் எழுத்தழகை அந்த வேளையிலும் வியந்தான். வெட்டிய குழி தன் அளவுக்கே சரியாக இருக்கிறதே என்று அவனுக்கே சிரிப்பு வந்தது.

மச்சினனுக்கு மனம் இளகிற்று. அக்காள் முகம் நினைவுக்கு வந்திருக்கும். "விடுங்க அத்தான். அந்த விதி தப்பா எழுதினதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அடிச்சுடுங்க. பழையபடி டாக்டர் சார்தான் மேனேஜர்." டாக்டரின் முகம் வெளிறியது.

மூன்று நொடி. ஒரு பக்கம் ஞாயிறு காலை ஆறரை மணி; மறுபக்கம் ஒன்பதாண்டாய் ஓர் அடித்தல் இல்லாத புத்தகம். பேனா உயர்ந்தது, பக்கத்தின் மேல் ஒரு மயிரிழைத் தூரத்தில் நின்றது. பிறகு மெல்ல மூடிக்குள் போயிற்று.

"விதி சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றான் நாயகன், விழுந்தாலும் நிமிர்ந்தே விழும் வீரர் மரபில்; என்றபடி மேசை மேல் கிடந்த விசிலைத் தன் கையாலேயே எடுத்துத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை ஆறரைக்கு மனைவி காரோட்டி அவனை மைதானத்தில் இறக்கிவிட்டாள். பக்கத்தில் ஆள் இல்லாமல் காரைத் திருப்பி எடுக்கக்கூடாது என்பதால், நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்று அவன் வரும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தாள்.