ஆஜர் சார் எட்டு எண்ணிய நாள்

கோயம்புத்தூரில் ஆஜர் சாரைப்போல மனிதர்களை எண்ணியவர் வேறு யாருமே கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருகிறவர்கள்கூடப் பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் எண்ணுவார்கள். இவர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணுவார்.

ஒரு மில்லின் டைம் ஆபீசில், ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் எண்ணியே ரிட்டயர் ஆனவர். மில்லை அவர் விட்டாலும் எண்ணுகிற பழக்கம் அவரை விடவில்லை. சிங்காநல்லூர் குளக்கரையில் காலை நடை போகும் எங்கள் கோஷ்டியில் சேர்ந்த முதல் நாளே, "ஏனுங்க, எல்லாரும் ஆஜருங்களா?" என்றார். அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பந்தியில் எண்ணுவார். லிப்டுக்குள் எண்ணுவார். ஒரு துக்க வீட்டில் கூடத்தில் இருந்தவர்களை எண்ணிவிட்டு, கொஞ்சம் யோசித்து, ஒன்றைக் கழித்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

போன வருஷம் எங்கள் கோஷ்டியின் காதர் பாய்க்கு ஒரு யோசனை வந்தது. டவுனில் பெல்ட், பர்ஸ் கடை வைத்திருக்கிறவருக்கு ஏன் அப்படித் தோன்றியதோ, ஆனைமலைக் காட்டுக்குள் நடந்தே போய்க் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கலாம் என்றார். வண்டி போகாது, போன் எடுக்காது, அரிசி பருப்பு முதல் எல்லாம் அவரவர் முதுகில். காதர் பாய், பேங்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி, ஸ்டெல்லா டீச்சர், நான், ஆஜர் சார் என்று ஆறு பேர் சேர்ந்தோம். வனத்துறையின் அனுமதிப் படிவத்தில் ஆஜர் சார் தம் சொந்தப் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்தார். நாங்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட வாய் வந்திருக்காது.

போகும் வழியில், கிணத்துக்கடவில் டீ குடிக்க எங்கள் வேன் நின்றது. டீ குடித்து ஏறியதும் அவர் எழுந்து நின்று விரல் நீட்டினார். ஸ்டெல்லா டீச்சருக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எண்ணிய களைப்பே அவருக்கு இன்னும் தீரவில்லை.

"சார், நான் டீ குடிக்கத்தானுங்க எறங்குனேன். ஓடிப்போகலை."

"தெரியுமுங்க டீச்சர். இருந்தாலும் ஒருக்கா பார்த்துப்போடறனுங்க."

"இன்னொருக்கா என் தலைய எண்ணுனீங்கன்னா, நான் இங்கயே பஸ் புடிச்சு ஊட்டுக்குப் போயிருவேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஆனால் டிரைவர் கண்ணாடியில் பார்த்தேன், உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது.

காட்டு வாசலில் எங்களோடு வழிகாட்டி வெள்ளையன் சேர்ந்துகொண்டார். அந்த மலையிலேயே பிறந்தவர். அதிகம் பேசாதவர். "உள்ள சத்தம் கூடாதுங்க. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது" என்றார். ஆஜர் சாரின் முகம் வாடியது. ஆனால் அரை மணி நேரத்தில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். நிற்கிற இடத்திலெல்லாம் ஒவ்வொருவர் தோளையும் இரண்டு விரலால் தொட்டுக்கொண்டே போவார். வெள்ளையனோடு சேர்த்து ஏழு. கடைசியில் தம் நெஞ்சைத் தாமே தொட்டு முடித்துக்கொள்வார். மத்தியானத்துக்குள் ஸ்டெல்லா டீச்சர் தம் துண்டை நான்காக மடித்து அந்தத் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஓடைவரை போய்விட்டுக் கூடாரத்துக்குத் திரும்பும்போது மழை பிடித்தது. மழை விட்டதும் மூடுபனி இறங்கியது. முன்னால் நடந்த டீச்சரின் முதுகுப்பை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் மங்கிப்போனது. ஒற்றையடிப் பாதை. இடது பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் பாறை. வலது பக்கம் சரிவு, அதன் அடி தெரியவில்லை. எனக்குப் பின்னால் கடைசியாக ஆஜர் சார்.

முன்னால் ஒரு கிளை முறிந்தது. பிறகு இன்னொன்று. வெள்ளையனின் குரல் காற்றைப்போல வந்தது. "ஆனைங்க. மேஞ்சுட்டுப் போகட்டும். யாரும் அசையாதீங்க."

அசையாமல் நின்றோம். அந்த நேரத்திலும் ஆஜர் சார் ஓசையில்லாமல் முன்னால் போய், ஒவ்வொரு தோளாகத் தொட்டுவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே குனிந்தார்.

"அம்மணி, நாம ஏழு பேருதானுங்களே?"

"ஆமாங்க."

"எட்டு வருதுங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த இடத்திலா என்று நினைத்தேன்.

"ஏழு பேரையும் தொட்டுப்போட்டு வந்துட்டனுங்க. ஆனா எனக்குப் பின்னால ஒருத்தரு மூச்சு உடறாருங்க."

அப்போதுதான் எனக்கும் கேட்டது. மெதுவான, அகலமான மூச்சு. கூடவே ஈரச் சாண வாடை.

டீச்சரின் கையைக் கிள்ளினேன். சேதி ஆள் மாறி ஆள் வெள்ளையனுக்குப் போனது. அவர் வந்து நின்றார், மோந்து பார்த்தார். "குட்டியும் தாயும் பின்தங்கிருச்சு. கூட்டத்தோட சேரணும்னா இதே பாதைதான். நடுவுல நாம நிக்கறோம். பாறை மேல ஏறுங்க."

அவர் வேரைப் பிடித்து முதலில் ஏறி மேலிருந்து கை கொடுத்தார். காதர் பாய் ஏறினார், தம்பதி ஏறினார்கள், என்னையும் இழுத்துப் போட்டார்கள். ஸ்டெல்லா டீச்சருக்கு முழங்கால் மடங்கவில்லை. இரண்டு முறை வழுக்கினார்.

"என்னால ஆகாது. நீங்க ஏறுங்க சார்."

ஆஜர் சார் சேற்றில் குந்தினார். "தோள்ல கால வைங்க டீச்சர்."

"ஷூவுங்க..."

"வைங்க."

'ங்க' போடாமல் பேசத் தெரியாத மனிதர். ஆனால் அந்த 'வைங்க' அதட்டலாகவே விழுந்தது. டீச்சர் வைத்தார். அவர் எழுந்து தூக்க, நாங்கள் மேலிருந்து இழுத்தோம். டீச்சர் வந்து எங்கள்மேல் விழுந்தார். ஆஜர் சார் வேரைப் பிடிக்கக் கையை உயர்த்தினார். அதற்குள் பனி அசைந்தது.

"ஒட்டி நில்லுங்க" என்றார் வெள்ளையன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

யானை எங்களுக்கு நேர் கீழே வந்து நின்றது. மேலிருந்து பார்க்க முதலில் அதன் நெற்றியும் நனைந்த முதுகும் மட்டும் தெரிந்தன. ஆஜர் சார் பாறையோடு பாறையாகச் சப்பையாக நின்றார். தும்பிக்கை நீண்டு அவர் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பிறகு மெல்ல மேலே போய் முகத்துக்கு எதிரே மோந்தது. டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

ஆஜர் சாரின் குரல் கேட்டது. கேட்டும் கேட்காததுமாக.

"போங்க அம்மணி. நாங்க ஒதுங்கிட்டமுங்க. கொழந்தையக் கூட்டிட்டுப் போங்க."

என்னைக் கூப்பிடுகிற அதே அம்மணி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்பதில் இன்றுவரை தகராறு. காதர் பாய் பத்து நிமிஷம் என்கிறார். தம்பதிக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. காது ஒருமுறை அசைந்தது. ஒரு காலடி, இன்னொரு காலடி. பின்னால் குட்டி, தாயின் வால் நுனியைத் தேடிக்கொண்டு அவசரமாக ஓடியது. பனி இரண்டையும் மூடிக்கொண்டது.

ஆஜர் சாரை மேலே இழுத்ததும் அவர் செய்த முதல் காரியம் விரல் நீட்டியதுதான். "ஒண்ணு... ரெண்டு..." அதற்குமேல் வரவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார், மறுபடி நின்றுபோனது.

"நான் இருக்கறனுங்க" என்றார் ஸ்டெல்லா டீச்சர். பிறகு காதர் பாய் சொன்னார். ஒவ்வொருவராகச் சொன்னோம். வெள்ளையனும் சொன்னார். ஆஜர் சார் தலையை மட்டும் ஆட்டினார்.

கூடாரத்துக்கு வந்து சேர்ந்ததும் ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். இரண்டு கணுக்காலிலும் அட்டை, ரத்தம் குடித்துத் திரண்டு தொங்கியது. அவருக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை. ஸ்டெல்லா டீச்சர் உப்புப் பொட்டலத்தோடு வந்து, அந்த மடங்காத முழங்காலை எப்படியோ மடக்கி அவர் எதிரே உட்கார்ந்தார்.

"ஐயோ, வேண்டாமுங்க டீச்சர். நானே பார்த்துக்கறனுங்க."

"கால நீட்டுங்க சார்."

அது வகுப்பறைக் குரல். நீட்டினார். டீச்சர் ஒவ்வொரு அட்டையாக உப்பு வைத்து எடுத்தார். கடைசி அட்டை விழுவதற்குள் ஆஜர் சார் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. காதர் பாய் தம் போர்வையைக் கொண்டுவந்து அவருக்குப் போர்த்தினார்.

கூடாரத்துக்குள் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர் கண் விழிக்கும்வரை, ஈரத் துணியோடு, அவரைச் சுற்றியே உட்கார்ந்திருந்தோம்.