சார்ஜன்ட் பொன்னையாவின் எண்ணெய் டப்பா

மிஷின் அறைக்குப் போன மாஜிப் பட்டாளத்தார் என்று ஓர் இனம் நம் ஊரில் புதிதாகத் தலையெடுத்திருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், ஆள் வருவதற்கு இருபது கெஜம் முன்னால் பூட்ஸ் வந்துவிடும். அவசரகாலம் முடிந்தது, நாடு சுதந்திரம் வாங்கியது, காட்டில் தேட வேண்டிய கம்யூனிஸ்டுகளையெல்லாம் தேடியாகிவிட்டது, 'நன்னடத்தை' என்று எழுதிய ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி அவர் என்ன செய்வார்? கடையில் நின்று துணி அளப்பாரா? மாட்டார். "நான் சிக்னல்ஸ்" என்பார். முதுகில் வயர்லெஸ் பெட்டி சுமந்தவனுக்கு உலகத்தில் வேறெந்தப் பெட்டியும் தெரியாமல் போகாது என்பது அவர் கட்சி. படித்தவர்கள் இதைத் தன்னம்பிக்கை என்கிறார்கள். கையால் உழைத்து மேலே வந்தவர்களுக்கு இதற்கு வேறு பெயர் தெரியும். அதை அச்சில் போட முடியாது.

காஜா பெராங் பகுதியில் குடியிருக்கும் பொன்னையா இந்த இனத்தின் முதல் தரமான உருப்படி. பன்னிரண்டு வருடச் சேவை, மூன்று பட்டை, கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட கழுத்து. சிட்டி கம்பத்துச் சந்து வழியாகக் காலையில் அவர் நடந்தால், தமிழை மறந்து மலாய் பேசும் பழைய வம்சத்துச் சிட்டிக் கிழவர்கள் கூடத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். அந்த மட்டும் ஊருக்கு உபகாரம்தான்.

முதலாளி அப்துல் கய்யூம் ரப்பர் ஏற்றுமதி செய்பவர். எந்தத் தோட்டத்து ரப்பர் எந்தத் தொங்காங் படகில் ஏறி நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குப் போக வேண்டும் என்று பட்டியல் போட அவருக்கு எட்டு கிராணிகள் தேவைப்பட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு மிஷினை வாடகைக்கு வரவழைத்தார். அட்டையில் ஓட்டை குத்தி உள்ளே விட்டால் மறுபக்கம் பட்டியல் அச்சாகி வரும். அந்த அறைக்கு சூப்பர்வைசர் வேண்டும் என்றபோது, பொன்னையா விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அவரை உட்காரச் சொல்லி அலுத்துப்போன முதலாளி, மூன்று மாதம் பார்க்கலாம் என்று வேலையைக் கொடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாஜிப் பட்டாளத்தாருக்கு இந்த ஊர் எப்போதும் ஒரே வேலையைத்தான் தயாராக வைத்திருக்கிறது: கிடங்கு வாசலில் ஸ்டூல் போட்டுக் காவலுக்கு உட்காரும் ஜாகா வேலை. பொன்னையாவை மூன்று பேர் அதற்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேரோடும் பேச்சு முறிந்தது. "நாலாவதா ஒருத்தன் கூப்ட்டா போயித்தான் ஆவணும்" என்று அவர் மனைவி பாக்கியம் சொல்லி வைத்திருந்தாள். ஆகவே, மூன்று மாதம் முடியும் அந்த வெள்ளிக்கிழமை அவர் வாங்கப்போவது வெறும் நிரந்தரக் கடிதம் அல்ல. ஸ்டூலில் உட்காராமல் தப்பிக்கும் உத்தரவு.

மூன்று மாதம் அவர் என்ன செய்தார்? அட்டைகளை அணிவகுக்க வைத்தார். அட்டை குத்தும் பெண்கள் ஐந்து பேரையும் காலையில் உயரவாரியாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டார். சாப்பாட்டை ராஷன் என்றார், ஐந்து மணியைப் பதினேழு மணி என்றார், டெலிபோனில் முதலாளி "சரி, வைக்கிறேன்" என்றால் "ரோஜர், ஓவர்" என்று வயர்லெஸ் பாஷையில் சொல்லி அவரை மேலும் அரை நிமிடம் காக்க வைத்தார். அட்டையில் எந்த இடத்து ஓட்டை எந்த எண் என்கிற விவரம் முழுவதையும் பட்டாளத்துச் சங்கேதம் போல இரண்டே நாளில் மனப்பாடம் செய்து, யாரும் கேட்காதபோது ஒப்பித்தார். மிஷினை மட்டும் ஓட்டவில்லை. அதை ஓட்டியவள் அந்த ஐந்து பேரில் ஒருத்தியான அஸ்மா. வயது பத்தொன்பது. சூப்பர்வைசருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. பட்டாளத்திலும் லோரி ஓட்டுவது சார்ஜன்ட் அல்லவே.

வியாழக்கிழமை மாலை அஸ்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, பொன்னையா சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் ஒரு பழைய துணி. பக்கத்தில் ஒரு தகர டப்பா.

"என்னா சார்ஜன் அது?"

"எண்ணெய். நாளைக்கி முதலாளி இன்ஸ்பெக்‌ஷன்."

"உள்ள பிரஷ் பக்கம் மட்டும் கை வச்சிறாதீங்க. அதுல எண்ணெய் ஆவாதுன்னு சிங்கப்பூர்க்காரரு சொல்லிட்டுத்தான் போனாரு."

"பிள்ள, அவன் சிவிலியன். பன்னெண்டு வருசம் ரைஃபிளு தொடச்சவன் நானு. எண்ணெய் போட்டுக் கெட்ட இரும்ப நீ பாத்திருக்கியா?"

"நான் ரைஃபிளே பாத்ததில்ல."

"அதான் சொல்றேன். நீ வீட்டுக்குப் போ லா."

அவள் போய்விட்டாள். இந்த இனத்துக்கு ஓர் இரும்பும் ஒரு டப்பா எண்ணெயும் ஒரே அறையில் கிடைத்துவிட்டால் பிறகு கடவுளே வந்தாலும் தடுக்க முடியாது. பிரித்தார். துடைத்தார். கம்பித் தூரிகைகள் எண்பதையும் தனித்தனியாகக் குளிப்பாட்டினார். அவற்றுக்குக் கீழே உருளும் பித்தளை உருளையில் தன் மீசை தெரியும்வரை எண்ணெய் தடவினார். மனிதன் இப்படி ஒரு காரியத்தைப் பக்தியோடு செய்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பிறகு வீட்டுக்குப் போய், "நாளைக்கு லெட்டர்" என்றார். பாக்கியம் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி வந்தார். கப்பல் வெளியே நின்றுகொண்டிருந்தது. இரண்டு மணி நீரேற்றத்தோடு தொங்காங்குகள் ஆற்றை விட்டுப் போயாக வேண்டும், அதற்குள் பட்டியல் வேண்டும். அவர் சட்டைப் பையில் கடிதத்தின் முனை தெரிந்தது. பொன்னையா அதைப் பார்க்காதது போல மூன்று தடவை பார்த்தார்.

அஸ்மா பொத்தானை அழுத்தினாள். இருநூற்று நாற்பது அட்டைகளும் வழுக்கிக்கொண்டு ஓடின. அவ்வளவு வேகமாக அவை என்றைக்கும் ஓடியதில்லை. மறுபக்கம் காகிதம் வந்தது. வெள்ளைக் காகிதம். சுத்தமான, ஒரு புள்ளிகூட இல்லாத, எந்த இன்ஸ்பெக்‌ஷனிலும் தேறக்கூடிய காகிதம்.

பொன்னையா உடனே தன் கடமையைச் செய்தார். ஐந்து பெண்களையும் வரிசையில் நிற்கச் சொன்னார். "யாரு தொட்டது?"

அஸ்மா வரிசையில் நிற்கவில்லை. ஓர் அட்டையை எடுத்து முகர்ந்து பார்த்து, அதை அவர் மூக்கருகே நீட்டினாள். ஓட்டை வழியாகத் தூரிகை பித்தளையைத் தொட்டால்தான் மின்சாரம் ஓடும், ஓடினால்தான் எண் விழும். நடுவில் எண்ணெய் நின்றால் மிஷினுக்கு எல்லா அட்டையும் மொட்டை அட்டைதான்.

"சிங்கப்பூர்லேர்ந்து ஆளு எப்ப வருவான்?" என்றார் முதலாளி.

"நாளைக்கி மத்தியானம், முதலாளி."

"அப்ப ஹபிஸ், எல்லாம் முடிஞ்சிது. கப்பலு போயிரும். யாரு பண்ண வேல இது?"

வரிசையில் நின்ற நான்கு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் யார் மேல் சொன்னாலும் நம்புவார்கள் என்று பொன்னையாவுக்குத் தெரியும். கடிதத்தின் முனையையும் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குதிகால்கள் மோதிக்கொண்டன.

"நான்தான் முதலாளி. நேத்து பதினேழு மணிக்கி. எண்ணெய் போட்டேன்."

"எதுக்குய்யா?"

"சுத்தத்துக்கு."

முதலாளி வாயைத் திறந்தார். எந்தச் சொல்லால் தொடங்குவது என்று அவர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பொன்னையா ஓர் அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டைகளைக் கண்ணாலேயே படித்தார். "அஸ்மா, டைப்ரைட்டர். லாட்டு நாலு ஏழு ஒம்போது. தோட்டம் ஒண்ணு ரெண்டு. தொங்காங்கு மூணு. ஓவர்."

அஸ்மா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"ஓவரையும் அடிக்கவா சார்ஜன்?"

"அது வேணாம். அடுத்தது. லாட்டு நாலு எட்டு சைபர். ஓவர்."

இருநூற்று நாற்பது அட்டை. தண்ணீர் குடிக்கவில்லை, உட்காரவில்லை, ஒரு எண் தப்பவில்லை. குண்டு பறக்கும் காட்டில் மழைக்குள் நின்று எண் ஒப்பித்த தொண்டை அது. ரப்பர் கட்டுக்கெல்லாம் அசருமா? ஒன்றரை மணிக்குப் பட்டியல் ஆற்றங்கரைக்குப் போனது. தொங்காங்குகள் கிளம்பின.

முதலாளி கடிதத்தை எடுத்தார், பேனாவையும் எடுத்தார்.

"மிஷின கெடுத்ததும் நீங்க, கப்பல புடிச்சதும் நீங்க. பழிய பிள்ளைங்க தலையில போடாததுனால வேல உண்டு, பொன்னையா. ஆனா சூப்பர்வைசரு அஸ்மா. நீங்க அதுக்குக் கீழ. சம்மதமா?"

மூன்று பட்டைக்காரர், பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குக் கீழே. இந்த இடத்தில் நீங்களும் நானும் என்றால் ராஜினாமா எழுதியிருப்போம், கௌரவத்தைக் கட்டிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்திருப்போம். பொன்னையா தொண்ணூறு டிகிரி திரும்பி அஸ்மாவுக்கு ஒரு சல்யூட் அடித்தார். அந்த முகத்தில் மூன்று மாதமாக இல்லாத ஒரு நிம்மதி. பாவம், அந்த மூன்று மாதமும் அறைக்குள் தனக்கு உத்தரவு போட ஒருவரும் இல்லாமல் தவித்துப்போயிருந்தார்.

"லெட்டரு கெடச்சிதா?" என்றாள் வீட்டு வாசலில் பாக்கியம்.

"கெடச்சிது. கமாண்டிங் ஆபீசரு மட்டும் மாத்தம்."

இப்போதும் வியாழன்தோறும் பதினேழு மணிக்கு அஸ்மா அவர்முன் வந்து நிற்கிறாள். "பாக்கெட்டு, சார்ஜன்" என்கிறாள். அவர் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டுகிறார். டப்பா அவள் மேசை டிராயரில், பூட்டுக்குள். சாவி அவள் கழுத்துச் சங்கிலியில்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பென்ஷன் வாங்கிய வாத்தியார் ஐயா, கல்யாணப் பத்திரிகை வந்தால் சிவப்பு மையில் திருத்துகிறீர்களே, அது என்ன? பஸ் வேலையை விட்டு எட்டு வருடமான கண்டக்டர் அண்ணே, கோயில் பந்தியில் நின்றுகொண்டு "உள்ள போ, உள்ள போ" என்று யாரை ஏற்றுகிறீர்கள்? பழைய வேலையிலிருந்து எல்லாரும் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறோம். உங்களுடையது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம், அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வரும் வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் யாராவது ஒருவர் முன்னால் நின்று பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டுங்கள். அவர்கள் சிரிக்காமல் கையை நீட்டினால், டப்பாவைக் கொடுத்துவிடுங்கள்.