காவிரிக்குச் சுற்றும் பித்தளைக் குண்டு

அந்த வருஷம் ஜூன் மாதம் கோவில்பட்டியில் எங்கே பார்த்தாலும் வரிசை. தண்ணீர் லாரிக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை. இரண்டையும் தோற்கடித்தது மூன்றாவது வரிசை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாத்திரக்கடை மாடியில் தொடங்கி, படியெல்லாம் வழிந்து, தெருவில் வெயிலில் நீண்டு கிடந்தது அது. முதல் இரண்டு வரிசைகளிலும் ஜனங்கள் குடத்தோடும் கேனோடும் நின்றார்கள். இதில் பிள்ளைகளோடு நின்றார்கள்.

மாடியில் பலகை தொங்கியது. ‘லிங்கராஜ் மூளைக்காந்த ஆய்வு நிலையம். உங்கள் குழந்தை எந்தப் பிரிவு? இன்றே அறிவீர்!’

லிங்கராஜ் சாமியார் இல்லை. தாடி இல்லை, திருநீறு இல்லை. சாம்பல் நிற சஃபாரி சூட், பையில் மூன்று பேனா. காவி கட்டினால் படித்தவர்கள் சந்தேகப்படுவார்கள், சஃபாரி போட்டால் வணக்கம் சொல்லுவார்கள் என்பதைக் கண்டுபிடித்திருந்தார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே விஞ்ஞானக் கண்டுபிடிப்பு அதுதான்.

கருவி என்னவோ எளிமையானது. ஒரு பித்தளைக் குண்டு, ஒரு நூல். பிள்ளையை ஸ்டூலில் உட்காரவைத்து, உச்சந்தலைக்கு மேலே குண்டைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடுவார். குண்டு வட்டமாகச் சுற்றினால் பிள்ளை காவிரி. நேராக ஆடினால் தாமிரபரணி. சும்மா நின்றால் வைகை.

ஆறு ஓடாத ஊரில் இத்தனை ஆறு எங்கிருந்து வந்தது? ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. அங்கே ஆறாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. பத்துப் பேர் எழுதினால் ஒருவருக்கு இடம் கிடைக்கும். இடம் கிடைத்த பெற்றோர் சரியாக ஒரு ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினார்கள். மறுநாள் தலைமையாசிரியை கூட்டம் போட்டு, முதல் மாதக் கடைசியில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளைத் திறமைப்படி மூன்று பிரிவாகப் பிரிப்போம் என்றார். ஏ, பி, சி என்று சொன்னால் பிஞ்சு மனசு நோகுமாம். அதனால் காவிரி, தாமிரபரணி, வைகை.

“எல்லா ஆறும் கடலுக்குத்தான் போகுது. உயர்வு தாழ்வு கிடையாது” என்று சிரித்தார் தலைமையாசிரியை.

பெற்றோர் கேட்டைத் தாண்டுவதற்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். காவிரி வகுப்பு ஆபீஸ் ரூமுக்குப் பக்கம், நாலு ஃபேன். வைகை வகுப்பு கக்கூஸுக்குப் பக்கம், ஒரு ஃபேன், அதுவும் சத்தம் மட்டும் போடும். போதாதா?

இந்தக் கணக்கை முதலில் போட்டவர்களில் ராதாமணியும் ஒருத்தி. அவள் மகள் பிரித்திகாவுக்கும் அங்கே இடம் கிடைத்திருந்தது. ராதாமணி லேசுப்பட்ட ஆள் இல்லை. எட்டயபுரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பதினாலு வருஷமாக அறிவியல் டீச்சர். வாசலில் யாராவது பல்லி விழுந்த பலன் பேசினால் போதும், தெருவையே நிறுத்திவைத்துப் பாடம் எடுப்பாள். மூடநம்பிக்கை ஒழிப்புப் பேச்சுப் போட்டி என்றால் நடுவர் நாற்காலி அவளுக்குத்தான்.

அதனால் அவள் லிங்கராஜிடம் போனது ஜோசியம் பார்க்க இல்லை. ஆய்வுக்கு. அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

லிங்கராஜின் பூர்வீகமும் அவளுக்குத் தெரியும். போன வருஷம்வரை அவர் இதே குண்டை வைத்து நாகலாபுரம் பக்கம் போர்வெல் போடத் தண்ணீர் பார்த்தவர். குண்டு சுற்றிய இடமெல்லாம் தோண்டினார்கள். எல்லா இடத்திலும் தரமான புழுதி கிடைத்தது. நிலத்துக்காரச் சம்சாரிகள் கம்போடு தேட ஆரம்பித்ததும் லிங்கராஜ் தண்ணீரை விட்டுவிட்டு மூளையைப் பிடித்துக்கொண்டார். நல்ல முடிவு. தண்ணீர் இல்லை என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். மூளை விஷயம் தெரிய வருஷக்கணக்கு ஆகும்.

‘அது தண்ணி, இது மூளை. ரெண்டும் வேற வேற’ என்று ராதாமணியின் அறிவியல் மனம் சமாதானம் சொன்னது.

வரிசையில் அவளுக்கு முன்னால் மளிகைக்கடை பேபியக்கா தன் மகனோடு நின்றாள். ராதாமணியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“டீச்சரே வந்துட்டாவளா! அப்பம் இது நெசந்தான்.”

ராதாமணிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பின்னால் யோசிக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்னைத் தானே தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றும் இடம் அதுதான்.

பிரித்திகாவின் தலைக்கு மேலே குண்டு நேராக ஆடியது.

“தாமிரபரணி” என்றார் லிங்கராஜ், ஏதோ நோயின் பெயரைச் சொல்லுவதுபோல. “ஆனா பயப்படாதீங்க டீச்சர். காந்த ஓட்டத்தைத் திருப்பிவிடலாம். மூணு அமர்வு. கூடவே தலையில இந்தச் செம்பு வளையம்.”

வீட்டுக்கு வந்ததும் கணவன் கண்ணபிரான் விழுந்து விழுந்து சிரித்தான். பால் டிப்போ வைத்திருந்தவன். “பி.எஸ்சி. படிச்சவளுக்குக் குண்டு பாக்கணுமாம்ல, குண்டு!” சிரித்து முடித்ததும் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். “ஏட்டி, கொஞ்சங்கூடவா சுத்தல?”

மாதக் கடைசியில் தேர்வு நடந்தது. பட்டியல் ஒட்டினார்கள். பிரித்திகா தாமிரபரணி.

ஊரே கிடுகிடுத்துப் போனது. லிங்கராஜ் சொன்னது அப்படியே பலித்துவிட்டதே! தன்னிடம் வந்த பிள்ளைகளில் அவர் முக்கால்வாசிப் பேருக்குத் தாமிரபரணி, வைகை என்றுதான் சொல்லியிருந்தார். மூன்று வகுப்பில் இரண்டு வகுப்பு அவைதான். இதில் பலிக்காமல் போகத்தான் தெய்வசக்தி வேண்டும். ஆனால் அந்தக் கூட்டலைப் போட அன்றைக்கு ஒருத்தரும் இல்லை, அறிவியல் டீச்சர் உட்பட. காலாண்டுத் தேர்வில் பிரிவு மாறலாம் என்று பள்ளிக்கூடம் சொல்லியிருந்தது. வரிசை இரண்டு மடங்கானது.

இரண்டு அமர்வு முடித்துப் பிரித்திகா செம்பு வளையத்தோடு பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கணக்கு நோட்டைத் திறக்கிறதில்லை. முன்பெல்லாம் பால் டிப்போவில் அப்பனுக்கே கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிற பிள்ளை.

“ஏட்டி, பின்னக் கணக்கு போட்டியா?”

“வரலம்மா.”

“உக்காந்து பாத்தா வரும்.”

“எப்பிடி வரும்? எந்தலைக்குச் சுத்தலயேம்மா. நேராத்தானே ஆடுச்சு.” பிள்ளை அழவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்லுவதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வளையத்தைக் கழற்றாமலே படுத்துக்கொண்டாள்.

ராதாமணி கணக்கு நோட்டை எடுத்து வெறும் பக்கங்களைப் புரட்டினாள்.

மறுநாள் எட்டயபுரத்தில் ஒன்பதாம் வகுப்புக்குத் தனி ஊசல் பாடம். ஆணியில் நூலைக் கட்டிக் குண்டைத் தொங்கவிட்டு, வருஷா வருஷம் சொல்லும் அதே வாக்கியத்தைச் சொன்னாள்: “தொங்குற குண்டு தானா ஆடாது. ஒரு கை அதை ஆட்டணும்.” பதினாலு வருஷமாகத் தான் நடத்துகிற பாடம் அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. பிள்ளைகள் முன்னால் இருந்ததால் தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரக்கடை மாடியில் மூச்சுவிட இடமில்லை. ராதாமணி, பிரித்திகாவின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக முன்னால் போனாள்.

“வாங்க டீச்சர், மூணாவது அமர்வா?”

“ஆமா. ஒரு சந்தேகம். குண்டை இழுக்கது பிள்ளையோட மூளைதானே? உங்க கை இல்லையே?”

“சே சே, கை வெறும் தாங்கிதான்.”

“அப்பம் இந்த உத்தரத்துக் கொக்கியில கட்டித் தொங்கவிடுங்க. கீழ பிள்ளைகளை ஒவ்வொண்ணா உக்கார வைப்போம்.”

கூட்டம் சலசலத்தது. லிங்கராஜ் வியர்வையைத் துடைத்தார். “கொக்கி உயிரில்லாத பொருள். மனுஷக் காந்தம் வேணும்லா?”

“சரி, உங்க கையிலயே இருக்கட்டும். கண்ணைத்தான் மூடப்போறீங்க, நான் துணியால கட்டிவிடுதேன். மூளையக் குண்டு பாக்கட்டும், ஆள நீங்க பாக்க வேண்டாம்.”

“டீச்சர் கேக்கது ஞாயந்தானே!” என்றது படிக்கட்டிலிருந்து ஒரு குரல். மறுத்தால் வரிசை கலைந்துவிடும். லிங்கராஜ் கம்பீரமாகத் தலையை நீட்டினார். ராதாமணி கைக்குட்டையை இறுக்கிக் கட்டினாள். ஒரு பிள்ளையை நடத்திக் கொண்டுவருவதுபோல ஸ்டூலைத் தரையில் தேய்த்து, “ம், அசையாம இரு” என்று அதட்டினாள். பிரித்திகாவைக் கதவோரமாக நகர்த்திவிட்டு, கூட்டத்தைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள்.

குண்டு இறங்கியது. லிங்கராஜுக்குப் புத்தி வேலை செய்தது. இந்த டீச்சரின் வாயை அடைக்க ஒரே வழிதான் உண்டு. குண்டு மெல்ல அசைந்து, வளைந்து, பெரிய வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது. சாணை பிடிக்கிற சக்கரம்போல அப்படிச் சுற்று!

“பாத்தீங்களா!” என்று முழங்கினார் லிங்கராஜ். “ரெண்டே அமர்வுல உங்க மக காவிரி! இந்த மூளை கலெக்டர் மூளை!”

“சார், நான் இங்கன நிக்கேன்” என்றாள் பிரித்திகா, கதவோரத்திலிருந்து.

லிங்கராஜ் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். ஸ்டூலில் ஒருத்தரும் இல்லை. குண்டு இன்னும் காலி ஸ்டூலுக்கு மேலே காவிரியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சிரிப்பு மாடியில் தொடங்கிப் படி வழியாக உருண்டு தெருவுக்குப் போனது. ஒருவர், “அண்ணாச்சி, அந்த ஸ்டூலுக்கு ஒரு யூனிஃபார்ம் எடுத்துருங்க!” என்றார். லிங்கராஜ், சொந்தக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று அவரும் சொல்லவில்லை. அதன் பிறகு கோவில்பட்டியில் அவரைக் கண்டவரும் இல்லை.

பிரித்திகா தலையிலிருந்த வளையத்தைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

“அப்பம் நான் எந்த ஆறும்மா?”

“நீ ஆறும் இல்ல, குளமும் இல்லட்டி. பின்னக் கணக்கு வராத பிள்ள. வரலன்னா டீச்சர்ட்ட கேளு. அவிய சொல்லலன்னா மறுபடி கேளு.”

பேபியக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மகனை இடுப்போடு அணைத்தபடி எதிரில் வந்து நின்றாள்.

“எல்லாஞ் சரி டீச்சர். நாங்கதான் படிக்காதவிய. நீங்களும் எங்ககூட வரிசையில நின்னீயளே, அதுக்கு என்ன சொல்லுதீங்க?”

கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டு டீச்சரைப் பார்த்தது. ராதாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நின்னேன் அக்கா. உங்களுக்குத் தைரியம் குடுத்ததே நாந்தான். பயம் வந்த உடனே, படிச்ச படிப்பக் கீழ செருப்போட செருப்பாக் கழட்டிப் போட்டுட்டு மாடி ஏறுனவ நானு. இங்கன வந்த எல்லாரும் அப்பிடித்தான் ஏறியிருக்கோம். இப்ப இறங்கும்போது செருப்ப மட்டும் மாட்டிட்டுப் போயிராதீங்க. அறிவும் அங்கனதான் கிடக்கும்.”