என் வீட்டுக்குள் புகுந்த ‘இஃப்’

மதிப்புக்குரிய மச்சான் தொக்தோசுன் அவர்களுக்கு,

கோச்கோரிலிருந்து உங்கள் தங்கை புருஷன் ஜோல்சுபெக் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ஆடுகள் நலம், குதிரைகள் நலம், உங்கள் தங்கை கன்யஷாய் மிக மிக நலம். என் மானம் ஒன்றுதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. அதற்குக் காரணம் நீங்கள்.

"வீட்டுல வந்து தங்குற வெளிநாட்டுக்காரங்ககிட்ட எத்தனை நாளைக்குத்தான் கையை ஆட்டியே பேசுவே? ஆங்கில வகுப்புல சேரு" என்று நோரூஸ் புத்தாண்டு விருந்தில் அவளைக் கிளப்பிவிட்டது நீங்கள்தானே? சேர்ந்தாள். ஆப்பிள், பூனை, என் பெயர் இன்னது என்று போய்க்கொண்டிருந்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்புறம் இந்த ‘இஃப்’ வந்தது, மச்சான். இப்படி நடந்தால் அப்படி நடக்கும் என்கிற வாக்கியமாம், அதில் மூன்று வகையாம். முதல் வகை நடக்கக்கூடியது. "நீங்க பூட்ஸோட உள்ளே வந்தா அதைத் தூக்கி வெளியே எறிவேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அர்த்தமும் சொன்னாள். பயிற்சிதானே என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். இடது கால் பூட்ஸை நாய் இன்னும் திருப்பித் தரவில்லை.

இரண்டாவது வகை கற்பனை. இறந்தகாலத்தில் சொல்ல வேண்டுமாம், ஆனால் அது இறந்தகாலம் இல்லையாம்! இது எந்த ஊர் நியாயம்? "எனக்கு வேற புருஷன் இருந்தா இந்தக் கூரை ஒழுகாது" என்றாள், மாவு பிசைந்துகொண்டே. யாருடி அந்த வேற புருஷன் என்று குதித்தேன். "அட, இது சும்மா கற்பனைங்க. இலக்கணத்துமேல கோவிச்சுக்கிற ஆம்பளையை இப்பத்தான் பாக்குறேன்" என்கிறாள். கூரை ஒழுகுவது கற்பனையா மச்சான்? என் தலையில் சொட்டுகிறதே!

மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. அது நடக்காமல் போனதைப் பற்றியது. போன வாரம் என் தம்பி மகன் கல்யாண விருந்தில், வகுப்பில் என்ன படித்தாய் என்று யாரோ கேட்கப்போக, இவள் எழுந்து நின்று, "நான் முகாஷைக் கட்டியிருந்தா கடலைப் பாத்திருப்பேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதே என்று நம் மொழியிலும் சொன்னாள். முகாஷ், அதான் அந்தக் காலத்தில் உங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்த லாரிக்காரன், எனக்கு எதிரேதான் விருந்துக்கு வேகவைத்த ஆட்டுத்தலையை அறுத்துக்கொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைத்தான். "சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்று அவனும் ஆங்கிலத்தில் சொல்லி அர்த்தமும் சொன்னான்! அவனும் அதே வகுப்பாம்! விருந்துக்கு வந்திருந்த ஆசிரியை கைதட்டினாள். எதற்கென்றே தெரியாமல் என் சித்தப்பாவும் தட்டினார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலம் ‘ஓகே’. அதைச் சொல்லித் தொலைத்தேன்.

உடனே புறப்பட்டு வந்து அவளை வகுப்பிலிருந்து நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் நான்... பாருங்கள், எனக்கும் தொற்றிவிட்டது!

அக்காவுக்கு என் வணக்கம். பிஷ்கெக் குளிரிலும் உங்கள் கார் சாவி போட்டதும் கிளம்பட்டும்.

அவமானத்துடன்,
ஜோல்சுபெக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கன்யஷாய் கடிதத்தைப் பிடுங்கி முழுவதும் படித்துவிட்டாள். சிரித்த சிரிப்பில் அடுப்பில் ரொட்டி கருகிவிட்டது. "முகாஷைக் கட்டியிருந்தா இப்படி ஒரு கடிதத்தைப் படிச்சிருக்கவே மாட்டேன். அவனுக்கு லாரி ஓட்டத் தெரியும், இந்த மாதிரி கோவிக்கத் தெரியுமா?" என்றாள். இது எந்த வகை என்று கேட்டேன். "மூணாவது. நடக்காம போனது. போனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றாள். ஆகவே நீங்கள் வர வேண்டாம். நாளையிலிருந்து நானும் வகுப்புக்குப் போகிறேன். அங்கே அவளுக்கும் முகாஷுக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதாம்.